வீட்டில் யார் கத்துவது?

அந்தப் படத்தில் என் வாய் திறந்திருந்தது. ஒரு கையில் ரப்பர் பொம்மை, இன்னொரு கையில் நீட்டிய விரல். யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பார்த்தவுடனே தெரியும். திட்டத்தான் செய்தேன். குழந்தைக்குத் தலையணை வைக்காதே என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் படத்தில் எனக்குப் பக்கத்தில் கருஞ்சிவப்பு வெல்வெட் சுற்றிய தொட்டில் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். அதற்குள் இதய வடிவத்தில் ஒரு தலையணை, இரண்டு பக்கமும் பஞ்சு மெத்தை, மேலே சரிகை வைத்த ஏழு போர்வை. கீழே கொட்டை எழுத்தில்: ‘குறைமாதக் குழந்தைகளின் டாக்டர் பாத்மா பரிந்துரைக்கும் ஏழடுக்குத் தொட்டில் செட். சூராகான் கடை, பெரிய சந்தை, துணி வரிசை.’

போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள் எங்கள் வார்டு நர்ஸ் அசில்கான்.

“டாக்டர், எப்போ கடை போட்டீங்க? எங்களுக்கெல்லாம் தள்ளுபடி உண்டா?”

குடித்துக்கொண்டிருந்த டீயைக் கோப்பையிலேயே திரும்பத் துப்பினேன்.

நான் கோபக்காரிதான். ஓஷ் நகரத்தில் குறைமாதக் குழந்தை பெற்ற எவளைக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் கோபம் வேறு, அருவருப்பு வேறு. கோபம் வந்தால் கத்திவிட்டு ஒரு ரொட்டியைத் தின்றால் போய்விடும். அருவருப்பு வந்தால் ரொட்டியும் இறங்காது. அன்றைக்கு எனக்கு வந்தது இரண்டாவது.

எங்கள் ஊர்த் தொட்டிலுக்கு நான் எதிரி என்று நினைக்காதீர்கள். நானும் அதில் கட்டுண்டு கிடந்து வளர்ந்தவள்தான். மரத்தால் செய்தது, ஆட்டுவதற்கு வளைந்த கால், மேலே பிடிக்கக் குறுக்கே ஒரு கம்பு. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துத் துணிப் பட்டையால் கட்டுவார்கள். மல்லாக்கப் போடுவது நல்லதுதான், பட்டையைத்தான் கொஞ்சம் தளர்த்த வேண்டும். நடுவில் ஓட்டை, அடியில் சட்டி, மூத்திரம் இறங்க மரக்குழாய். அதையும் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது அந்தக் கம்பின் மேல் போடுகிற போர்வைகள். ஒன்றின் மேல் ஒன்றாக, காற்று புக ஊசிமுனை இடம் விடாமல் மூடுவார்கள். வீடுகளுக்குப் போகும்போது அதைத் தூக்கிப் பார்ப்பேன். குப்பென்று முகத்தில் அடிக்கும் வெக்கை. பழைய மூத்திரம், உச்சியில் தடவிய செம்மறிக் கொழுப்பு, குழந்தை தானே விட்டுத் தானே இழுத்த மூச்சு, எல்லாம் சேர்ந்து புளித்த ஒரு நாற்றம். அந்தப் பொந்துக்குள் பெரியவர்கள் யாராவது அரைமணி நேரம் படுப்பார்களா? கேட்டால், “கண்ணு பட்டுடும் டாக்டர்” என்பார்கள். கண் பட்டுச் செத்த குழந்தையை நான் பார்த்ததில்லை. மூச்சு முட்டிச் செத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் எங்கள் வார்டிலிருந்து எந்தக் குழந்தையையும் என் வகுப்பில் உட்காராமல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக விடமாட்டேன். வகுப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, பெஞ்சு, ஒரு பழைய தொட்டில், ஒரு ரப்பர் பொம்மை. பொம்மைக்கு இடது கை இல்லை. யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரப்பர் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்களோ, ஜென்மங்கள்.

சொல்லிக்கொடுக்க ஒரு தந்திரம் வைத்திருந்தேன். எங்கள் தொட்டில் விருந்தில் ஒரு விளையாட்டு உண்டு. குழந்தையை முதன்முதலாகத் தொட்டிலில் போடுகிறவள், வேண்டுமென்றே தலை இருக்க வேண்டிய பக்கம் காலை வைத்து, “சரியா, தப்பா?” என்று கூட்டத்தைக் கேட்பாள். “தப்பு!” என்று கூட்டம் கத்தும். மறுபடி ஏதாவது கோணலாக வைப்பாள். மறுபடி “தப்பு!” கடைசியில் நேராக வைத்ததும் “சரி!” என்று கூரை அதிரும். அதை அப்படியே திருடிக்கொண்டேன். எங்கள் ஜனங்களுக்கு அறிவுரை சொன்னால் கொட்டாவி விடுவார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால் செத்தவன்கூட எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லுவான்.

சூராகானை நான் முதலில் பார்த்தது அந்த வகுப்பில்தான். தம்பி மனைவி கனிஷாயோடு வந்திருந்தாள். கனிஷாயின் மகன் தெமிர் எங்களிடம் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தவன். தெமிர் என்றால் இரும்பு. பிறந்தபோது இரும்பு ஒரு ரொட்டியின் எடைகூட இல்லை. அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, மூச்சு விட மறந்துபோவான். நன்றாகத் தூங்கிக்கொண்டே இருப்பான், திடீரென்று மறந்துவிடுவான். தலைமாட்டில் மெஷின் கத்தும். நர்ஸ் ஓடிப்போய் உள்ளங்காலைச் சுண்டுவாள். ‘அட, ஆமாம்ல’ என்பதுபோல ஒரு இழுப்பு இழுத்து மறுபடி ஆரம்பிப்பான். வீட்டுக்கு அனுப்புமுன் அந்தப் பழக்கம் விட்டிருந்தது. ஆனால் சளி பிடித்தாலோ, புழுங்கினாலோ, புகை பட்டாலோ மறுபடி வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

அவன் அப்பன் ரஷ்யாவில் கட்டட வேலை. மாமியார் உயிரோடு இல்லை. வீடு, கடை, பேச்சு எல்லாமே நாத்தனார் சூராகானுடையது. கண்ணிமையில் ஒட்டுமுடி, தோளில் நரித்தோல், கையில் எப்போதும் போன். கனிஷாய் வெள்ளை முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பொம்மையைக் குப்புறப் போட்டேன். “சரியா, தப்பா?”

“தப்பு!” முதல் குரல் சூராகானுடையது.

தலையணை வைத்தேன். “இப்போ?”

“தப்பே தப்பு! கழுத்து மடங்கிடும்ல!”

முகத்துக்கு மேலே போர்வையை இழுத்தேன்.

“தப்பு டாக்டரம்மா! மூச்சு முட்டாதா? அதுகூடவா தெரியாது ஒருத்தருக்கு?” பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

பொம்மையை மல்லாக்கப் போட்டு, தலையணையை எடுத்து, பக்கத்துப் பஞ்சை எடுத்து, பட்டையை இரண்டு விரல் நுழைகிற மாதிரி தளர்த்திக் கட்டி, போர்வையைத் தொட்டிலின் கால்பக்கம் மடித்துப் போட்டேன். “சரி!” என்று எல்லோரையும் முந்திக்கொண்டு கத்தியதும் அவள்தான். இப்படி ஒரு மாணவி கிடைத்தாளே என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வாயில் கசக்கிறது.

கனிஷாய் மட்டும் வாயே திறக்கவில்லை.

“நீ ஏம்மா பேசவே மாட்டேங்கிற?” என்றேன். “வாயில என்ன, போர்சோக் ரொட்டியைத் திணிச்சு வெச்சிருக்கியா?”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பெற்றவளைத் தவிர.

“அவ எதுக்குப் பேசணும்?” என்றாள் சூராகான். “நாங்க இருக்கோம்ல. எங்க வீட்டு மருமக தங்கம். பெரியவங்க முன்னாடி பல்லைக் காட்ட மாட்டா.”

அப்போதுதான் முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கேட்க நான் குனிய வேண்டியிருந்தது.

“டாக்டர்… இங்க நர்ஸ் அக்காங்க அவனைக் குப்புறத்தானே போட்டிருந்தாங்க. நல்லாத் தூங்குனானே.”

அந்த வகுப்பில் அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. மிகச் சின்னக் குழந்தைகளுக்குக் குப்புறப் படுத்தால் மூச்சு சுலபம், அதனால் வார்டில் அப்படிப் போடுவோம். ஆனால் வீட்டுக்குப் போகும் முன்பே மல்லாக்கப் படுத்துப் பழக்கிவிட வேண்டும். என் நர்சுகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. குப்புறப் போட்டால் அழாது, தொல்லை இல்லை என்று கடைசி நாள்வரை அப்படியே விட்டிருந்தார்கள். சோம்பேறிக் கழுதைகள். உண்மை சுட்டது. சுட்டதும் என் குரல் ஏறியது.

“இங்க தலைமாட்டுல மெஷின் இருக்கு. மூச்சு நின்னா அது கத்தும், நாங்க ஓடுவோம். வீட்டுல யாரு கத்துவா? ஆட்டுக்குட்டி கத்துமா? இல்ல நீதான் கத்தப்போறியா, இந்தக் குரலை வெச்சுக்கிட்டு?”

மறுபடி பெஞ்சு சிரித்தது. அவள் தலை இன்னும் கீழே போனது. இந்த மண்பொம்மையிடம் குழந்தையை எப்படி ஒப்படைப்பது என்று எனக்கு வெறுத்துப்போயிற்று. நல்லவேளை, விவரமான நாத்தனார் கூட இருக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த விவரமான நாத்தனார்தான் அந்த நேரத்தில் போனைத் தூக்கி என்னைப் படம் பிடித்தாள்.

“ஞாபகத்துக்கு டாக்டரம்மா” என்றாள்.

அந்த ஞாபகம்தான் ஒரு மாதம்கூட ஆகாமல் பெரிய சந்தையில் விலைக்கு வந்திருந்தது.

சூராகானுக்குப் போட்டேன் போனை. “படத்தை எடுத்துத் தொலை” என்றேன்.

“அய்யோ, உங்களுக்குப் பெருமைதானே டாக்டரம்மா!” அவள் குரலில் தேன் சொட்டியது. “உங்க முகத்தைப் பாத்துட்டு ஜலாலாபாத்துல இருந்தெல்லாம் கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை நம்ம தெமிருக்குத் தொட்டில் விருந்து, கண்டிப்பா வரணும். மேல் இடத்துல உக்காரவெச்சு, ஆட்டு இடுப்புத் துண்டு உங்களுக்குத்தான்.”

“தெமிரை அதுலயா போடப்போற? ஏழு போர்வைக்குள்ளயா?”

“வீடியோவுக்குத்தான், கொஞ்ச நேரம். என்ன ஆயிடப்போகுது? உங்க கைராசி, அவன் நல்லா இருப்பான்.”

“வகுப்புல என்னடி சொன்ன? தப்பே தப்புன்னு கத்துனியே!”

“அது வகுப்பு டாக்டரம்மா” என்றாள் அவள், குழந்தைக்குச் சொல்வதுபோல. “இது விருந்து.”

தெரியாமல் செய்கிறவளை மன்னித்துவிடலாம். தெரிந்துகொண்டே செய்கிறாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைகூடப் பரவாயில்லை. அந்த ஓநாய் ஆட்டைப் போர்வைக்குள் வைத்து விற்கவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். தின்பதற்கு இல்லை.

முற்றத்தில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. பந்தலுக்குள் ஒலிபெருக்கி அலறிற்று. பெரிய அறைக்குள் நுழைந்ததும் எனக்கே மூச்சு நின்றது. நிலக்கரி அடுப்பு சிவந்து கிடந்தது, ஜன்னல்களில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. ஆட்டுக்கறி ஆவி, சென்ட், ஈரக் காலுறை, இத்தனை பெண்களின் மூச்சு. சுவர் முழுக்கப் பரிசுப் பொருட்கள், விலைச் சீட்டைக்கூடக் கிழிக்காமல். விலை தெரிய வேண்டுமாம். நடுவில் அந்த வெல்வெட் தொட்டில். அதன் எதிரே முக்காலியில் ஒரு போன், விளக்கு வளையத்தோடு. இன்னொரு போனுக்குள், பரிசுப் பையில் சாய்த்து வைத்த நிலையில், ரஷ்யாவிலிருந்து தெமிரின் அப்பன் தலைக்கவசத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

கனிஷாய் கதவோரம் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாள். கையில் தெமிர், ஆட்டுத்தோலில் சுற்றி. அவன் மூக்கு நுனியில் வியர்வை. மூச்சு விடும்போது கர்… கர்… என்று சத்தம்.

“என்ன இது?”

“ரெண்டு நாளா மூக்கடைப்பு டாக்டர்” என்றாள், உதடு அசையாமல்.

“உன் நாத்தனார்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன். விருந்தைத் தள்ளிவெக்க முடியாதாம். பிஷ்கேக்ல இருந்து ஜனங்க லைவ் பாக்கக் காத்திருக்காங்களாம்.”

நேரே சூராகானிடம் போனேன். “குழந்தைக்குச் சளி. இந்தப் புகைக்குள்ள வெச்சு மூடாத. இன்னொரு நாள் வெச்சுக்கோ.”

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “வந்துட்டாங்க பாருங்க! படத்துல இருக்கிற டாக்டர் இவங்கதான்!”

பெண்கள் கையைத் தட்டினார்கள். நான் கத்தினேன். தலையணை கூடாது என்றேன், மூடக் கூடாது என்றேன், புகை கூடாது என்றேன். ஒருத்திக்கும் விளங்கவில்லை. ரொட்டியைச் சாறில் தோய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவி நிதானமாகக் கேட்டாள்:

“ஏம்மா, இந்தத் தொட்டிலை விக்கிறதே நீதானே?”

“நான் விக்கல பெரியம்மா!”

“உன் மூஞ்சிதானே போட்டிருக்கு? என் பேத்திக்கும் வாங்கிட்டேனே.”

என் வாயை என் முகத்தை வைத்தே அடைத்துவிட்டாள் சூராகான். நான் சொல்லச் சொல்ல, பெரிய டாக்டர் தமாஷாகப் பேசுகிறார் என்று சிரித்தார்கள். நாலு பேர் என்னைத் தள்ளிக்கொண்டு போய் மேல் இடத்தில், தொட்டிலுக்கு எட்டாத தூரத்தில், மெத்தைகளுக்கு நடுவே உட்காரவைத்தார்கள். இடுப்புத் துண்டு வந்தது. கொழுப்பு தட்டில் உறைந்து வெள்ளையாய் இருந்தது. தட்டை அப்படியே தள்ளிவைத்தேன்.

ஆரம்பித்தாள். சட்டியில் ஜூனிப்பர் தழைக் கொத்தைப் பற்றவைத்துத் தொட்டிலைச் சுற்றினாள். புகை எல்லோர் கண்ணிலும் ஏறியது. விளக்கு வளையத்தைப் பார்த்துக்கொண்டே, “இது என் கை இல்ல, குழந்தைங்களைக் காக்கிற உமாய்த் தாயோட கை” என்று தன் மோதிரங்கள் தெரிகிற மாதிரி கையைத் திருப்பினாள். பிறகு கனிஷாயிடமிருந்து தெமிரை வாங்கி, கால்பக்கம் தலையாகப் போட்டாள்.

“சரியா, தப்பா?”

“தப்பு!” அறை அதிர்ந்தது.

குறுக்காகப் போட்டாள். “சரியா, தப்பா?”

“தப்பு!”

நேராக, இதயத் தலையணையின் மேல் தலை வைத்துப் போட்டு, பட்டையை இறுக்கிக் கட்டினாள். “சரியா, தப்பா?”

“சரி!”

“தப்பு” என்றது ஒரு குரல், கதவோரத்திலிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள். கனிஷாய் தரையைப் பார்த்தபடியே நின்றாள். வீட்டு மருமகள் விருந்தில் பேசக் கூடாது. ஆனால் கேள்வி எல்லோரிடமும் கேட்டது. பதில் சொல்லக் கூடாது என்று எந்த வழக்கத்திலும் இல்லை.

“தலையணை” என்றாள்.

சூராகான் போனைப் பார்த்துச் சிரித்தாள். “பாருங்க, எங்க மருமகளுக்கு விளையாட்டு இன்னும் பத்தலையாம்!” தலையணையைச் சுண்டி எடுத்தாள். “இப்போ?”

“தப்பு. பக்கத்துல இருக்கிற பஞ்சு.”

இப்போது இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். பெண்களுக்குக் கத்துவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். “தப்பு, தப்பு! பஞ்சை எடு!” சூராகான் பஞ்சை எடுத்தாள். கனிஷாய் விடவில்லை. “பட்டை. இறுக்கமா இருக்கு.” “தப்பு!” பட்டை தளர்ந்தது. “புகை.” “தப்பு!” யாரோ ஒருத்தி இருமிக்கொண்டே சட்டியை வெளியே தூக்கிப்போனாள். நான் மெத்தைகளுக்கு நடுவில் அரையாக எழுந்து நின்றிருந்தேன். நான் மண்பொம்மை என்று நினைத்தவள் என் வகுப்பை ஒரு வரி விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

சூராகானின் சிரிப்பு தீர்ந்தது. விற்க வேண்டிய சரக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறதே. “விளையாட்டு போதும்” என்றாள். ஏழு போர்வையையும் ஒரே அள்ளாக அள்ளிக் கம்பின் மேல் வீசினாள். வெல்வெட், சாட்டின், பட்டு, ஆட்டுரோமம், என்னென்னவோ. தொட்டில் ஒரு குவியலாயிற்று. பாட்டைச் சத்தமாக வைக்கச் சொன்னாள். குழந்தைக்கு முதுகைக் காட்டி, போனுக்கு முகத்தைக் காட்டி, ஒவ்வொரு அடுக்காக விரலால் தொட்டு விளக்க ஆரம்பித்தாள்.

“முதல் அடுக்கு, அன்பானவங்களே, கண்ணேறு படாம…”

நான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். ஒருத்தியின் கிண்ணம் கவிழ்ந்தது. ஒருத்தி என் பாவாடையைப் பிடித்து, “சாப்பிடாம எங்க போறீங்க?” என்றாள். இத்தனை கூட்டத்தில் யாருடைய காதும் தொட்டிலின் மேல் இல்லை, ஒருத்தியின் காதைத் தவிர. கனிஷாய் கதவோரத்தை விட்டு வந்து குவியலின் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றிருந்தாள்.

கர்… கர்… நின்றுபோயிருந்தது.

“தப்பு!”

அது விளையாட்டுக் குரல் இல்லை. எங்கள் வார்டு மெஷின் அலறினால் துணி வெளுக்கும் அறைவரை கேட்கும். இது பந்தலில் கறி வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள்வரை கேட்டது. பாட்டு வைத்தவன் கை தானாகப் பாட்டை நிறுத்தியது. “தப்பு! தப்பு! தப்பு!” ஏழு போர்வையும் அறையின் நாலு பக்கமும் பறந்தன. ஒன்று அந்த விளக்கு வளையத்தின் மேல் விழுந்தது. தெமிர் கண்ணை மூடிக் கிடந்தான். உதட்டைச் சுற்றிச் சாம்பல் நிறம். நெஞ்சு அசையவில்லை.

நான் எட்டும் முன்பே அவள் பட்டையைப் பிரித்து, குட்டி உள்ளங்காலை விரலால் சுண்டினாள். நர்சுகள் சுண்டுகிற அதே இடத்தில். ஒருமுறை. இன்னொருமுறை.

இரும்புக்கு ஞாபகம் வந்தது. ஒரு இழுப்பு இழுத்தான். பிறகு அழுதான் பாருங்கள், வார்டில் இருந்த காலத்தில்கூட அப்படி அழுததில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டுத் தூக்கி நெஞ்சில் காதை வைத்தேன். உதட்டில் மெல்ல ரத்தம் ஏறியது. ரொட்டி தோய்த்த கிழவி கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

இப்போதாவது அந்தச் சூராகான் அழுவாள் என்று நினைத்தேன். ஒரு மூச்சு நேரம் வெளிறித்தான் போனாள். பிறகு விளக்கு வளையத்தின் மேல் கிடந்த போர்வையை எடுத்துவிட்டு, ஒட்டுமுடியைச் சரிசெய்துகொண்டு, போனைக் கையில் தூக்கினாள்.

“பாத்தீங்களா அன்பானவங்களே! இதுதான் நம்ம தொட்டிலோட விசேஷம். அவசரத்துக்கு ஒரே இழுப்புல போர்வையை எடுத்துடலாம். போர்வை இல்லாத திறந்த செட்டும் நம்மகிட்ட உண்டு, டாக்டர் பாத்மா நேர்லயே வந்திருக்காங்க…”

அவள் கையிலிருந்து அந்தப் போனைப் பிடுங்கினேன். பக்கத்தில் சாறு அண்டா ஆவி பறக்க நின்றது. அதற்குள் போட்டேன். அது கொழுப்புக்கு அடியில் மூழ்குகிறவரை கரண்டியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மருத்துவத்திலேயே மனசுக்கு நிறைவாக இருந்தது அதுதான்.

“என் போன்!” என்று அலறினாள் சூராகான். குழந்தைக்கு வராத அலறல் அது. “கனிஷாய்! இந்தப் பொம்பளையை வெளிய அனுப்பு. இல்லைன்னா நீயும் அவகூடவே போயிடு!”

பரிசுப் பையில் சாய்ந்திருந்த இன்னொரு போனிலிருந்து தம்பி, “அக்கா, என்ன சத்தம்? என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

கனிஷாய் கூட்டத்தைப் பார்த்து, வழக்கப்படி குனிந்து வணங்கினாள். பிறகு நாத்தனாரையும் வணங்கினாள். “போறேன் அண்ணி” என்றாள். வாசலில் காலணியைப் போட்டுக்கொண்டாள்.

“வா” என்றேன். “வார்டுல வெச்சுப் பாக்கணும். மூச்சு நின்ன குழந்தையை அப்படியே விட முடியாது.”

என் பழைய லாடா காரின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். குழந்தையின் முகத்தை மூடாமல், நெஞ்சின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு. சேற்றில் சக்கரம் சுழன்று சுழன்று ஒருவழியாக ரோட்டுக்கு ஏறியது. ஊர்ப் பாலம் தாண்டுகிறவரை நான் விடாமல் திட்டிக்கொண்டே வந்தேன். சூராகானை, அந்தக் கூட்டத்தை, விலைச் சீட்டை, என் சோம்பேறி நர்சுகளை. தொண்டை வறண்டதும் நிறுத்தினேன். பின்னாலிருந்து அவன் மூக்குச் சத்தம் கேட்டது. கர்… கர்… என்று, அழகாக.

“அன்னிக்கு வகுப்புல கேட்டீங்கள்ல டாக்டர்” என்றாள் கனிஷாய். கத்திக் கத்திக் குரல் கம்மியிருந்தது. “வீட்டுல யாரு கத்துவான்னு.”

“கேட்டேன்.”

“அன்னிக்கே பதில் சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். எல்லாரும் சிரிச்சிட்டீங்க.”

எதிரே ஒரு மாட்டு மந்தை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. நான் ஹாரன் அடிக்காமல் அது போகிறவரை காத்திருந்தேன்.